பச்சையைக் குறைத்தல்

குளச்சலில் மழைக்கு முந்தின சித்திரை.
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே
மொட்டைமாடியில் ஓர் ஆள் படுக்கும் இடம்.
அங்கேதான் முக்காலி.

தெற்கே, கை நீட்டிப் பிடித்தால்
கடலிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கரீனா.
லத்தீனில் ஏரா என்று பொருள்,
வள்ளத்தின் அடியில் கிடக்கும் முதுகெலும்புக் கட்டை.
தம்பி ஆன்றோவிடம் சொன்னேன்.
"ஏரா மட்டுமா? மிச்சக் கப்பல்?"
பாயும் பின்புறமும் தனித்தனிப் பெயராகிவிட்டன என்றேன்.
"பழைய இரும்புக்குப் போட்டிருப்பானுவ" என்றான்.

வெளிச்சத்துக்கு இங்கே குறைவில்லை.
துறைமுக விளக்கு, கோயில் கொடியேற்றத்துச் சீரியல் பல்பு,
கணவாய்க்குப் போன வள்ளங்களின் எல்.இ.டி.
ஃபில்டர் ஆறு நானோமீட்டர் விரிசல்.
அதில் நுழையத் தெரிந்த வெளிச்சம் மட்டும்
ஐந்தைந்து நிமிடமாக ஊறி வரும்.

ஹைட்ரஜன் ஒரு ராத்திரி.
கந்தகம் இரண்டு ராத்திரி, அதுவும் போதவில்லை.
ஆக்சிஜன் அன்று காற்றில் உப்பு,
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே விடிந்தது.

கம்ப்யூட்டரில் திறந்தால்
மூன்றும் சாம்பல்.
சாம்பலில் நான் ராஜா.

பத்தொன்பது வயதில் தூத்துக்குடியில்
ஒரு டாக்டர் புத்தகத்தை விரித்தார்.
புள்ளிகள். புள்ளிகள்.
"என்ன எண்?"
"எண்ணா?"
அடுத்த பக்கம்.
அடுத்த பக்கம்.
கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை,
இருட்டில் எதிரே வருவது எங்கே திரும்புகிறது என்று
அதை வைத்துத்தான் தெரியுமாம்.
எனக்கு இரண்டும் ஒரே ஆறிப்போன கடுங்காப்பி.
படித்த படிப்பை மடித்து வைத்துவிட்டு
திங்கள்நகரில் பேட்டரி விற்கிறேன்.

கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பு.
அறுநூற்று எழுபத்திரண்டு, அறுநூற்று ஐம்பத்தாறு.
நல்ல கண்ணுக்கே பிரிக்க வராத சிவப்பு.
அதைப் படித்த அன்று,
சொல்லக்கூடாதுதான்,
சிரித்தேன்.

எனவே கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை,
ஆக்சிஜனுக்கு நீலம் என்று யாரோ பங்கு வைத்திருக்கிறார்கள்.
சேர்த்ததும் ஹைட்ரஜன் எல்லாவற்றையும் மூழ்கடிக்கும்.
"ஐயே, பாசி பிடிச்ச கெணறு" என்பாள் பெனிலா,
பின்னால் நின்று துணி மடித்தபடி.
எனக்குத் தெரிவதில்லை.
அம்பை வைத்து எண்ணைப் படிப்பேன்.
பச்சை நூற்றுத் தொண்ணூறு, சிவப்பு எழுபது.
பச்சையை இறக்கி, சிவப்பில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலப்பேன்.
"இப்போ?"
"கொல்லாம்பழம்."
"எந்தக் கொல்லாம்பழம்?"
"மஞ்சளா இருக்கும்லா, அது."
"இப்போ?"
"வேகவச்ச மரச்சீனி. கொறைச்சது கூடிப்போச்சு. திரும்பிப் போங்க."

நட்சத்திரமெல்லாம் ஊதாவாகிவிட்டது என்றாள்.
தனியே பிரித்து வெளுத்து
திரும்ப ஒட்டினேன்.

மூன்றாம் நாள் பொன்னும் நீலமும் பிரிந்தன.
எனக்கும்.
மஞ்சள் எனக்குத் தெரியும். நீலம் தெரியும்.
நடுவே கரிய தூசித் தூண், அதன் நுனியில் ஒரு பிசிர்.
கல்யாணமாகிப் பதினோரு வருடம்.
இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறோமோ என்று
அன்றுதான் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

கரையேறிய கையோடு ஆன்றோ எட்டிப் பார்த்தான்.
"மேல இதே நெறமாவா இருக்கு?"
இல்லை. பக்கத்தில் போனாலும் மங்கலாய்த்தான் இருக்கும்.
"அப்போ பொய்யா?"
"உன் வள்ளத்து வெளக்குக்குச் செவப்பும் பச்சையும் யாரு வச்சா?"
யோசித்தான்.
சோறு கேட்டான்.

சேமிக்கப் போகையில் பெனிலா குனிந்தாள்.
"இந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் பச்சை நிக்குது."
"எங்கே?"
சாளை கழுவின விரலைத் திரையில் வைத்தாள்.
விரல் தெரிந்தது. ஈரம் தெரிந்தது. ஒரு செதில் தெரிந்தது.

திரையைத் துடைத்தேன்.
பச்சையை விட்டுவிட்டேன்.